எள்ளலும் வழிபாடும்

நகை என்பதனைத் தொல்காப்பியனார் எண்வகை மெய்ப்பாடுகளுள் முதற்கண் வைத்தார். அது தோன்றும் நிலைக்களன்களாக இளமை, மடன், பேதைமை, எள்ளல் என்னும் நான்கினை வகுத்தார். இவற்றுள் முன்னைய மூன்றும் பெரும்பாலும் தீங்கற்றவை. எள்ளலோ அன்னதன்று, அஃது ஒருவனை நோக்கி எய்யப்படும் அம்பு. அதன் இயல்பை நன்கறிந்த பேராசிரியர் அதனை இரு கூறாக்கிப் பொருள் விரித்தார். பிறரைத் தான் எள்ளி நகுதல் ஒன்று. பிறர் தன்னை எள்ளியவிடத்துத் தானே நகுதல் மற்றொன்று. இவ்விரண்டாம் கூறே இக்கட்டுரைக்கு அடிப்படை. எள்ளப்பட்டவன் தானும் நகுதற்கு இடனுண்டாயின் அவ்வெள்ளல் கலையாகும். இடனில்லையாயின் அது வசையாய் ஒழியும் என்பதே ஈண்டு நிறுவக் கருதியது.

சமயத்தையும் ஒரு நாட்டாரின் வழக்கங்களையும் எள்ளலாமோ என்னும் வினா இந்நாளில் வெறும் ஏட்டு வினாவன்று. 2019இல் சிங்களச் சிறுகதையாசிரியர் ஒருவரும், 2023இல் மேடை நகைச்சுவைக் கலைஞர் ஒருவரும் பௌத்தத்தை இழித்தனர் என்னும் குற்றச்சாட்டின்பேரில், 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இந்நாட்டிற் கைதாயினர். சமயத்தின் மானத்தைச் சட்டத்தாற் காக்க முனைவோர் ஒருபுறம்; எதனையும் எள்ளுதல் எம் பிறப்புரிமை என்பார் மற்றொருபுறம். இவ்விரு சாராரும் எள்ளலின் இயல்பை ஆராய்ந்தாரல்லர். அதனை ஆராய்தற்கு வேற்று நாட்டுப் படைப்பொன்றையும் எம் வாவிக்கரை மரபுகளையும் ஒருங்கு வைத்து நோக்குதல் நலம்.

அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1989 முதல் ஒளிபரப்பாகிவரும் உயிரோவியத் தொடர் ‘சிம்ப்சன்ஸ்’. ஸ்பிரிங்பீல்ட் என்னும் கற்பனை ஊரும், அவ்வூரில் வாழும் ஹோமர் என்னும் சோம்பேறியின் குடும்பமும் அதன் கதைக்களம். 1992 ஒக்டோபர் 8இல் ஒளிபரப்பான அதன் ஓர் அங்கம் சமய எள்ளலையே பொருளாகக் கொண்டது. பனி மிகுந்த ஒரு ஞாயிறன்று ஹோமர் தேவாலயம் செல்லாது வீட்டில் தங்கிவிடுகிறான். அந்நாளே தன் வாழ்நாளின் இனிய நாளெனக் கண்டு, இனித் தேவாலயம் புகேன் எனத் துணிகிறான். கனவிற் கடவுள் தோன்றி அவனைக் கடிந்துகொள்ளத் தொடங்கி, ஈற்றில் அவன் கூறுவதிலும் நியாயமுண்டென இசைகிறார். பின்னொரு ஞாயிறு அவன் புகைச்சுருட்டோடு உறங்கிவிட வீடு தீப்பற்றுகிறது. அவன் இகழ்ந்து ஒதுக்கிய கிறித்தவ அயலான் தீயினுட் புகுந்து அவனை மீட்கிறான். தீயணைக்க வந்த தொண்டருள் யூதன் ஒருவனும், இந்துவாகிய கடைக்காரன் ஒருவனும் உளர். இவர்களின் நெஞ்சங்களிலே கடவுள் நின்று தொழிற்பட்டார் என மதகுரு விளக்குகிறார்.

இவ்வங்கம் தேவாலயத்தை எள்ளுகின்றது. ஆயின் சமயத்தை இழிக்கவில்லை. நீண்ட பிரசங்கத்தின் சோர்வையும், குளிரிற் கட்டாயத்தின்பேரில் எழுந்து செல்வோரின் சலிப்பையும் அது நன்கறிந்து நகுகின்றது. அவ்வறிவு வெளியே நின்று பெற்றதன்று. அவ்விருக்கைகளில் அமர்ந்து பெற்றது. மேலும், அவ்வூரிலே கிறித்தவர் பலதிறத்தர். மிகைப்பட்ட பத்தியுடையான் ஒருவன், பத்தி தளர்ந்த மதகுரு ஒருவர், அமைந்த நம்பிக்கையுடைய இல்லாள் ஒருத்தி, நம்பிக்கையற்ற ஹோமர் எனப் பலர் இருத்தலின், ஒருவனை எள்ளினால் அவ்வெள்ளல் கிறித்தவர் அனைவர்மேலும் படிவதில்லை.

இனி, அதே அங்கத்தில் எம் சமயம் வருமிடங்கள் இரண்டினை நோக்குவாம். அக்கடைக்காரனின் பெயர் அப்பு. சத்யஜித் ராய் 1955இல் அளித்த ‘பாதேர் பாஞ்சாலி’ முதலான முப்படங்களின் தலைமகன் பெயரைத் தழுவி வைத்தது அது. எம்மிடையே அன்பின் விளியாக வழங்கும் சொல்லோடு அஃது ஒத்திருத்தல் தற்செயலே. தன் கடையினுள் அவன் பிள்ளையார்க்கு ஒரு சிறு பீடம் அமைத்திருக்கிறான். அதனைக் கண்ட ஹோமர் விலங்குக்காட்சிச் சாலையின் யானைக்கு நீட்டுவான்போல ஒரு நிலக்கடலையை நீட்ட, என் தெய்வத்துக்குக் கடலை கொடாதே என அப்பு வேண்டுகிறான். மற்றையது, மதகுரு கிறித்தவனையும் யூதனையும் பெயர்சுட்டி, அப்புவைக் கண்டதும் ‘ஏனையோர்’ என்னும் பொருள்படக் கூறி அமையுமிடம். அப்பு வெகுண்டு, தான் இந்து என்றும், தம்மவர் எழுபது கோடியர் என்றும் எடுத்துரைக்க, மதகுரு சிறு பிள்ளையைத் தட்டிக்கொடுப்பார்போல ஒரு சொற் சொல்லி நகர்கிறார்.

இவ்விரண்டனுள் பின்னையது மிக உயர்ந்த எள்ளல். அம்பு அப்புமேற் செல்வதுபோலத் தோன்றி மதகுருமேற் சென்று தைக்கிறது. எழுபது கோடி மக்களின் நெறியை ‘ஏனைய’ எனும் ஒரு சொல்லில் அடக்கும் அறியாமையே அங்கு நகைக்குரியது. எள்ளப்பட்டவனுக்கு விடையிறுக்க வாய்ப்பும் தரப்படுகிறது. அக்காட்சியைக் காணும் இந்து தானும் வாய்விட்டு நகலாம். பேராசிரியர் கூறிய இரண்டாம் கூறு இதுவே.

முன்னையதோ அத்துணைத் தெளிந்ததன்று. தெய்வத்துக்கும் விலங்குக்கும் வேறுபாடறியாத ஹோமரே அங்கும் நகைப்பொருள் என்பது மெய். ஆயினும் கடலை நீட்டுதல் இயல்பாகவே இழிவு என எழுதினோர் கருதிவிட்டனர். களுதாவளையிலாயினும் வேறெங்காயினும் பிள்ளையார் கோயிலிற் கடலையும் அவலும் மோதகமும் படைத்துண்டு வளர்ந்தோர்க்கு அக்கடலை வியப்புத் தருவதன்று. எம் கடைக்காரர் ஒருவர் அங்கு நின்றிருப்பின், கொடுத்தலைத் தடுத்திரார். கைகால் கழுவி வந்து வைக்குமாறு பணித்திருப்பார். அதனினும் சிறந்த நகை அங்கே பிறந்திருக்கும். எள்ளுவோன் எள்ளப்படும் பொருளை உள்ளிருந்து அறியாதவிடத்து, எள்ளலின் அறமன்றி அதன் சுவையும் குன்றுகிறது என்பதற்கு இது சான்று.

1997 நவம்பர் 16இல் வந்த பிறிதோர் அங்கம் இக்குறையை மிகுவித்தது. அப்புவின் தாய் அவனுக்குச் சிறுவயதிற் பேசிவைத்த மணத்தை நிறைவேற்ற வருகிறாள். அதனைத் தவிர்க்க அவன் பொய்யுரைத்துத் தோற்கிறான். மணநாளில் ஹோமர் பிள்ளையார் வேடம் புனைந்து சடங்கைக் குலைக்க முனைய, மணத்துக்கு வந்தார் ஒருவர் அவனைப் போலியெனக் கண்டு துரத்துகிறார். கூத்தர் பிள்ளையார்க்குக் காப்புப் பாடிய பின்னரே களரி புகும் நாட்டவராகிய எமக்கு அவ்வேடம் உறுத்தும். ஆயினும் அவ்வங்கத்தின் உயிர் அவ்வேடத்தில் இல்லை. மணமகள் மஞ்சுளாவும் அப்புவும் மணவறையில் முதன்முறை உரையாடி, அவள் நகைத்திறங் கண்டு அவன் நெஞ்சு நெகிழும் சிறு காட்சியிலேயே உள்ளது. பிறர் நகைக்கும் பொருளாயிருந்த இருவர் தாமே நகைக்கத் தொடங்கிய அக்கணத்தில் அவர்கள் மாந்தராகின்றனர்.

எனினும், ஓர் அங்கத்திற் பெற்ற மாந்தத் தன்மை முழுத் தொடரின் குறையை நீக்கவில்லை. அப்பு வங்காளத்தவன் எனப்பட்டான். அவன் குடிப்பெயரோ தென்னாட்டாரின் நெடும்பெயர்களைக் கேலிசெய்து கட்டப்பட்டதுபோல் ஒலித்தது. அவனுக்குக் குரல் கொடுத்தவர் ஹாங்க் அசாரியா என்னும் அமெரிக்கர், இந்தியரல்லர். ஸ்பிரிங்பீல்டிற் கிறித்தவர் பலர்; இந்துவோ பல்லாண்டு காலம் பெரிதும் அவன் ஒருவனே. ஒருவன் எழுபது கோடியர்க்கு நிகராக நிற்கும்போது அவன் நாவின் ஒலியே ஓர் இனத்தின் ஒலியாகிவிடுகின்றது. 2017இல் ஹரி கொண்டபோலு என்னும் நகைச்சுவைக் கலைஞர் இதனை ஓர் ஆவணப்படத்தால் உணர்த்தினார். அவர்தாமே அத்தொடரை விரும்பிக் கண்டு வளர்ந்தவர் என்பது கருதத்தக்கது. 2018இல் அத்தொடர் ஓர் அங்கத்தின் வாயிலாக அளித்த விடை, முன்பு கைதட்டல் பெற்றது இன்று ஒவ்வாததாயிற்று எனச் சலித்துக்கொண்டு அமைந்தது. 2020இல் அசாரியா அக்குரலைக் கைவிட்டார். விடையிறுக்க வாய்ப்பிலார்க்கு இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட பின்னரே வாய்ப்புக் கிடைத்தது.

இனி எம் நாட்டு வழக்கினைக் காண்பாம். மட்டக்களப்பு வாவியின் இருமருங்கும் வைகாசித் திங்களிற் கண்ணகி அம்மனுக்குச் சடங்கு நிகழ்ந்து குளிர்த்தியோடு நிறைவெய்தும். அவ்வழிபாட்டோடு இயைந்து முன்னாளிற் பெருவழக்காயிருந்து இன்று அருகிவிட்டது கொம்புமுறி விளையாட்டு. ஊரவர் வடசேரி, தென்சேரி என இரு கட்சியாவர். வடசேரி கோவலன் கட்சி. தென்சேரி கண்ணகி கட்சி. வளைந்த கொம்புகள் இரண்டினை ஒன்றோடொன்று கொளுவி, கயிறு பூட்டி, இருசாராரும் இழுப்பர். கொம்பு முறிந்தோர் தோற்றோராவர். வென்றோர் தோற்றோரை வசைபாடுவர்; அவ்வசை கூசத்தக்க சொற்களுக்கும் அஞ்சுவதில்லை. அம்மன் முன்றிலிலே, அவள் சினந் தணிக்கும் பொருட்டே இவ்வசை நிகழ்வதென்பது வெளியார்க்கு வியப்பளிக்கும். சிங்களரிடையே பத்தினி வழிபாட்டில் நிகழும் அங்கெலியவும் இத்தகையதே. அறிஞர் கணநாத் ஒபயசேகர 1984இல் வெளியிட்ட பத்தினி வழிபாடு பற்றிய பெருநூலில் அதனை விரிவாக ஆராய்ந்துள்ளார்.

அவ்வசையை ஊர் எங்ஙனம் பொறுத்தது? கட்சி பிறப்பால் வருவது. கணவன் ஒரு சேரியும் மனைவி மறுசேரியுமாதல் கூடும். இன்று வசைகேட்டோன் மறுமுறை வசைபாடுவோன் ஆகலாம். இரு சேரியும் வணங்குவது ஒரே அம்மனை. ஆகவே அங்கே எள்ளல் முறைவைத்து நிகழ்வதொரு கொடுக்கல் வாங்கல்; ஒருவழிப் பாய்வதன்று.

எள்ளலும் வழிபாடும் ஓரிடத்து உறைதல் தமிழகத்துக்கும் புதிதன்று. ஏழாம் நூற்றாண்டிற் காஞ்சியிலிருந்து ஆண்ட மகேந்திரவர்ம பல்லவன் வடமொழியில் இயற்றிய ‘மத்தவிலாசப் பிரகசனம்’ தன் தலைநகரின் சமயத்தாரையே நகைப்பது. கபாலத்தை இழந்து தேடும் குடிவெறி கொண்ட காபாலிகன், அதனைக் கவர்ந்தானென ஐயுறப்பட்ட பௌத்தத் துறவி, நடுவுநிலை பேச வந்த பாசுபதன் ஆகிய மூவரும் அதிற் சிறுமையுறுகின்றனர். மூவருள் இருவர் சைவநெறிப்பட்டோர் என்பதனை நோக்குக. எள்ளல் ஒரு சமயத்தை மட்டும் குறிவைத்ததன்று. கபாலத்தைக் கவர்ந்தது ஒரு நாயே என்பது ஈற்றில் வெளிப்படும்போது, அவர்தம் வாதமனைத்தும் பயனற்றதாகிறது. அந்நாடகம் பின்னாளிற் கேரளக் கோயில்களிலே சாக்கியர் ஆடும் வழிபாட்டுக் கூத்தாகவும் நிலைபெற்றது. எள்ளிய நூலைக் கோயிலே ஏற்றுக்கொண்டது.

மகிடிக் கூத்தினையும் ஈண்டு எண்ணுதல் தகும். மந்திரவாதிகள் இரு திறத்தராய் நின்று ஒருவரையொருவர் மந்திரத்தால் வெல்ல முயல்வதும், கட்டுண்டு வீழ்வதும், மீள எழுவதும், அவற்றிடையே எழும் வேடிக்கைப் பேச்சுமே அதன் பொருள். மட்டக்களப்பாரைப் பற்றிப் பிற மாகாணத்துத் தமிழரிடையே வழங்கும் பழமொழியொன்று யாவரும் அறிந்தது: அங்கு சென்றாரைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவர் என்பது அது. மருந்தும் மந்திரமும் வல்லோர் எனும் அச்சமும் இழிப்பும் அதிற் கலந்துள. அப்பழிச்சொல் சுமந்த ஊரவரே மந்திரத்தைக் களரியில் ஏற்றி நகைக்கின்றனர். பிறர் எள்ளியவிடத்துத் தாம் நகுதல் இதனினும் தெளிவாக வேறெங்கும் காணவரிது.

ஆயினும் எம் மரபு குற்றமற்றதெனக் கொள்ளுதல் தகாது. கொம்புமுறியில் இரு சேரிக்கும் முறைவைத்து வாய் உண்டு. எம் மேடைகள் யாவற்றிலும் அவ்வாறில்லை. குறவனையும் வேடனையும் நகைப்புக்கெனக் கொணர்ந்த கூத்துக்களில் அவர்க்கு மறுமொழி எழுதியோர் எத்துணையர்? கோயில் வாயிலிற் பறை முழக்கியோர் ஊரார் எள்ளலைப் பெற்றனரேயன்றித் திருப்பி எள்ளும் உரிமையைப் பெற்றிலர். இன்றும் கல்லூரிக் கலைவிழாக்களில் முசுலிம் வணிகரின் பேச்சையும், மலையகத்தார் பேச்சையும், படுவான்கரை உழவரின் பேச்சையும் திரித்துப் பேசிக் கைதட்டல் பெறுதல் எளிதாயிருக்கிறது. யாழ்ப்பாணத்து மேடையில் எம் பேச்சு நகைக்கப்படும்போது நோகும் நாம், எம் மேடையிற் பிறர் பேச்சை நகைக்கும்போது அந்நோவை நினைதல் வேண்டும். அப்புவின் நாவை அமெரிக்கர் கேலி செய்தமையைக் குறைகூறும் உரிமை அந்நினைவின் பின்னரே எமக்கு உண்டாகும்.

ஆதலின் எள்ளலைத் தேர்தற்குக் கருவிகள் மூன்று உள எனலாம். எள்ளுவோன் எள்ளப்படும் பொருளை உள்ளிருந்து அறிந்தானோ என்பது முதலாவது. எள்ளப்படுவோன் தன் இனத்தார் அனைவர்க்கும் நிகராக நிறுத்தப்படுகின்றானோ, பலருள் ஒருவனாக நிற்கின்றானோ என்பது இரண்டாவது. அவனுக்கு மறுமொழியும் மறுமுறையும் உண்டோ என்பது மூன்றாவது. 1992ஆம் ஆண்டின் அங்கம் தேவாலயத்தின்பால் இம்மூன்றிலும் தேறியது. அப்புவின்பால் ஒன்றிலே தேறி இரண்டிலே தவறியது. கொம்புமுறி மூன்றிலும் தேறியது.

இத்தேர்வு சட்டம் செய்யக்கூடியதன்று. சிறை எள்ளுவோனை வாயடைக்குமேயன்றி எள்ளப்பட்டோனுக்கு வாய் தாராது. பிரகசனத்தையும் நாடக வகைகளுள் ஒன்றாக வைத்தெண்ணிய நாடக இலக்கணத்தையும், சேக்சுபியர் நாடகங்களையும் தமிழர்க்கு ஒருங்கு அறிவிக்க 1926இல் ‘மதங்க சூளாமணி’யை அளித்த விபுலாநந்த அடிகள் இவ்வாவி நாட்டிற் காரைதீவிற் பிறந்தவர். நகைச்சுவையை நாடகத்தின் சிறுமையெனக் கருதாது, கற்றுத் தேர்தற்குரிய கலையெனக் கொள்ளும் வழியை அவர் காட்டியுள்ளார். அவ்வழியிற் செல்லும் மாணவர், மேடையில் ஒருவரை நகைப்பொருளாக்கு முன், அவர் முன்வரிசையில் அமர்ந்திருப்பதாகவும், அடுத்த காட்சி அவருடையதாகவும் எண்ணி எழுதுவாராக.