கூலிக் குடும்பத்துக்குக் குடிவழி உண்டா?

நம்மவர்கள் குடும்ப வரலாறு எழுத உட்கார்ந்தால் முதலில் பரணில் ஏறித் தேடுவது பத்திரத்தைத்தான். தாத்தா காலத்துக் கிரயப் பத்திரம், பட்டா, ஊர்க் கோயில் கல்லில் ஒரு பெயர், அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு செப்பேடு. இவற்றைக் கோத்து ஒரு சிறு நூலாக அச்சிட்டுக் கல்யாணத்தில் தாம்பூலப் பையோடு கொடுப்பவர்களும் உண்டு. நல்ல காரியந்தான். ஆனால் பத்திரம் சொத்துக்காக எழுதப்படுவது, ஆளுக்காக அல்ல. சொத்தே இல்லாதவன் குடிவழியை எந்தக் காகிதத்தில் போய்த் தேடுவது? தமிழில் குடும்ப வரலாறு எழுதுவோர் இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் கேட்டுக்கொண்டதே இல்லை என்பதுதான் என் குறை.

சென்னை மாகாணத்து செட்டில்மென்ட் பதிவேட்டைப் புரட்டினால் சர்வே எண், பரப்பு, தீர்வை, பட்டாதாரர் பெயர் எல்லாம் ஒழுங்காக இருக்கும். அந்த நிலத்தை உழுதவன், நாற்று நட்டவள் பெயர் இருக்காது. தென்னிந்திய நிலமற்ற கூலிகளைப் பற்றி 1965ல் தர்மா குமார் எழுதிய நூல் இன்றும் மதிக்கப்படுவது. அவரும் சாதிக் கணக்கைக் கொண்டுதான் அவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று ஊகிக்க வேண்டியிருந்தது. எண்ணிக்கை கிடைத்தது, பெயர் கிடைக்கவில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் இதே கதை. தொகுத்த அட்டவணைகள் அச்சாயின. வீட்டுக்கு வீடு எழுதிய படிவங்கள் காக்கப்படவில்லை.

அயர்லாந்தில் 1922ல் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்து பெருமளவு பழைய பதிவுகள் சாம்பலாயின. ஆனாலும் 1901, 1911 கணக்கெடுப்புப் படிவங்கள் தப்பிவிட்டன. பண்ணைக் கூலியின் குடிசையிலும் யார் யார் இருந்தார்கள், என்ன வயது, எழுதப் படிக்கத் தெரியுமா என்பதுவரை அவற்றில் பார்க்கலாம். நெருப்பு மிச்சம் வைத்தது அங்கே. நமக்கு நெருப்பே தேவைப்படவில்லை!

ஆனால் நம் கூலிக்காரனின் பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர் எல்லாம் ஒரே வரியில் எழுதப்பட்ட இடம் ஒன்று உண்டு. அவன் ஊரை விட்டுக் கடல் தாண்டிய இடம் அது. 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்ற கப்பல் நவம்பர் 16ஆம் தேதி டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதில் தொடங்கி 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குப் போனவர்கள் 1,52,184 பேர். மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பல் ஏறியவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். அந்த எண்ணுக்கு எதிரே பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடலில் உள்ள தழும்பு. நம்முடைய எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் "அங்க அடையாளம்" என்று மச்சத்தைத் தேடி எழுதுவார்களே, அதே சமாச்சாரம்! என்ன, இது ஓடிப்போனால் பிடிப்பதற்காக எழுதியது.

இந்தப் பட்டியலை வேதவாக்காக எடுத்துக்கொள்ளக்கூடாது. இது யார் கேட்டு, யார் சொல்லி, யார் எழுதியது என்று பார்க்க வேண்டும். எழுதியவன் ஆங்கிலம் பழகிய எழுத்தன், சொன்னவன் எழுத்தறியாதவன், நடுவில் ஆள்பிடிக்கும் தரகன். அதனால் முனுசாமி "மூன்சாமி" ஆனார். முதலியார் "மூட்லி"யாகவும் கவுண்டர் "கவெண்டர்" ஆகவும் அங்கே குடும்பப் பெயர்களாகவே நிலைத்துவிட்டார்கள். ட்ரூரோ பட்டியலில் சாதிக் கட்டத்தைப் பாருங்கள்: பலருக்கு "மலபார்" என்றும் "ஜெண்டூ" என்றும் போட்டிருக்கிறது. அந்தக் காலத்து வெள்ளைக்காரன் தமிழனை மலபார் என்பான், தெலுங்கரை ஜெண்டூ என்பான். பேசும் மொழியைச் சாதி என்று எழுதியிருக்கிறார்கள்! இதை வைத்துக்கொண்டு "எங்கள் முன்னோர் இன்ன குலம்" என்று சாதிப்பவர்களை என்னென்று சொல்வது?

ஊர்ப் பெயரிலும் சிக்கல் உண்டு. நாம் ஆந்திரத்துப் பக்கம் இருப்பவர்கள் என்பதால் இது சட்டென்று விளங்கும். சித்தூர் தனி மாவட்டம் ஆனது 1911ல்தான். அதுவரை வட ஆர்க்காட்டோடு இருந்தது. பட்டியலில் "வட ஆர்க்காடு" என்று கண்டு, டர்பனிலிருந்து வரும் பேரன் வேலூரைச் சுற்றிச் சுற்றித் தேடினால், ஊர் எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கலாம். அவன் தாத்தா தமிழா தெலுங்கா என்பதே ஒருவேளை திறந்த கேள்வியாகிவிடும். இரண்டு மொழியும் பேசிய குடும்பங்கள் அந்தப் பகுதியில் எத்தனை!

இந்தப் பட்டியல்களோடு மற்ற நேட்டால் ஆவணங்களையும் சேர்த்து அஷ்வின் தேசாயும் கூலம் வாஹிதும் எழுதிய "இன்சைட் இன்டென்ச்சர்" 2007ல் வந்தது. "கூலிகள்" என்று கூட்டமாகப் பேசாமல் ஒவ்வொருவரையும் பெயரும் எண்ணுமாக எழுப்பி நிறுத்துவது அந்நூலின் பெரிய பலம். ஆனால் அது சார்ந்து நிற்கும் ஆவணம் பலவும் கோர்ட்டுத் தாள், குடியேறியோர் பாதுகாவலருக்குக் கொடுத்த புகார். எனவே ஒருவன் அடிபட்டால், ஓடிப்போனால் தெரிகிறான். சண்டை சச்சரவில்லாமல் கரும்பு வெட்டிப் பிள்ளை குட்டியை வளர்த்தவன் தெரிவதில்லை. இது ஆசிரியர்களின் குற்றமல்ல, காகிதத்தின் குணம். வாசிப்பவர் நினைவில் வைக்க வேண்டியது அவ்வளவே.

இலங்கைக்குப் போனவர்களின் நிலைமை வேறு. அங்கே போனது கங்காணி வழி. நேட்டால் போல ஆளுக்கொரு எண்ணும் வரியும் கொண்ட கப்பல் பட்டியல் இல்லை. தோட்டத்தில் இருந்த முக்கியமான காகிதத்துக்குத் "துண்டு" என்று பெயர். இன்ன கடனைக் கட்டினால் இந்த ஆளை விடுவிப்போம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. 1921ல் அந்த முறை ஒழிக்கப்பட்டது. அதுவரை கூலியின் அடையாளமே கடன்தான். மலையகத் தமிழில் "பேர்" என்றால் ஒரு நாள் கூலி என்றும் பொருள். கொழுந்து குறைந்தால் "அரைப்பேர்" போடுவார்கள். செக்ரோலில் ஒருத்தியின் பெயர் எழுதப்படுவது அவள் யார் என்பதற்காக அல்ல, அன்றைக்கு எவ்வளவு பறித்தாள் என்பதற்காக.

காகிதம் இல்லாததன் விலை 1948ல் தெரிந்தது. அந்த ஆண்டு இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்தது. அங்கே பிறந்தவனானாலும் தகப்பனும் அங்கே பிறந்தவன் என்று காட்ட வேண்டும். இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் பிறந்ததைக் காட்ட வேண்டும். லயத்து அறையில் பிறந்தவன் பூட்டனின் பிறப்புச் சான்றுக்கு எங்கே போவான்? ஏறத்தாழ ஏழு லட்சம் பேர் நாடற்றவர் ஆனார்கள். 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் பிறகு பார்க்கலாம் என்று பங்கு போட்டார்கள். மிச்சத்தை 1974ல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். எஞ்சியவர்களின் குடியுரிமைக்கு இலங்கையில் 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. குடும்ப வரலாறு என்பது ஓய்வுபெற்றவர்களின் பொழுதுபோக்கு என்று நினைப்போர் இந்தக் கணக்கைப் பார்க்கட்டும்.

இங்கேதான் இலக்கியத்தை ஆவணத்தோடு சேர்த்து வாசிக்க வேண்டியிருக்கிறது. 1935ல் மணிக்கொடியில் வந்த புதுமைப்பித்தனின் "துன்பக்கேணி"யை நாம் வழக்கமாகத் தேயிலைத் தோட்டக் கொடுமையைச் சொல்லும் கதை என்று பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அதைவிட முக்கியமானது, கதை திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்தில் தொடங்குவது. மருதி ஏன் ஊரை விட்டாள் என்பது அங்கே இருக்கிறது. எந்தப் பட்டியலிலும் "ஏன்" என்றொரு கட்டம் கிடையாது. ஆள் வந்து சேர்ந்த தேதி இருக்கும். வீட்டில் என்ன நடந்து கிளம்பினாள் என்பது இருக்காது. அதற்காகக் கதையைச் சான்று என்று கொள்ள முடியாது. பட்டியலில் எந்தக் கட்டம் விட்டுப்போயிருக்கிறது என்பதைக் கதைதான் காட்டிக்கொடுக்கிறது.

நம் செகந்திராபாத்துக்கு வருவோம். 1806ல் கண்டோன்மென்ட் ஏற்பட்டபின் சென்னைப் படைகளோடு வந்தவர்களில் சிப்பாய்கள் மட்டுமா இருந்தார்கள்? சமையற்காரர், குதிரைக்காரர், துணி வெளுப்பவர், சுமை தூக்கியவர் எல்லாரும் வந்தார்கள். கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஒரு வசதி உண்டு: பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளில் தகப்பனின் தொழிலுக்கும் ஒரு கட்டம் இருப்பது வழக்கம். மற்றவர்கள் வீட்டுப் பெரியவர்களிடம்தான் கேட்க வேண்டும். "எந்த ஊர்" என்று கேட்டால் பலருக்கும் சொல்லத் தெரியாது. "குலதெய்வம் எது, முடியிறக்க எங்கே போனீங்க" என்று கேட்டால் ஊர் தானாக வரும். எந்த ரெஜிமென்ட்டோடு வந்தார்கள் என்ற எண் சில வீடுகளில் இன்னும் வாய்வழியாக இருக்கிறது. அந்த எண் கிடைத்தால் படை எந்த ஆண்டு எங்கே இருந்தது என்று ஆவணத்தில் பார்த்துவிடலாம். தொழில் கட்டத்தில் "கூலி" என்று இருந்தால் அதை அப்படியே அச்சிடுங்கள். "காண்ட்ராக்டர்" ஆக்கிவிட வேண்டாம்.