தறிக்குழியை விட்டு எழுந்த கை

ஆரணியில் விடிந்தும் விடியாத ஐந்தரை மணி. கல்யாண மண்டபத்து மாடியில் ஜமக்காளம் விரித்து முப்பது பேர் நிற்கிறார்கள். எனக்கு முன்னால் என் பெரியப்பா. வலக்கையை மெல்ல உயர்த்தி, முகத்துக்கு நேரே ஒரு வட்டம் வரைந்து இறக்குகிறார். முன்னங்கை மயிரில் நேற்றைய ஜரிகைத் துணுக்கு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. கை மேலே போகும்போது டியூப்லைட் வெளிச்சத்தில் அது ஒரு முறை மின்னி அடங்குகிறது. ஐம்பது வருஷமாக அந்தக் கைக்குப் பழகிய அசைவு ஒன்றுதான்: கயிற்றைச் சுண்டி இழுக்க வேண்டும், நாடா ஓட வேண்டும். அதே கை இப்போது எதையும் இழுக்காமல், எதையும் நெய்யாமல், சும்மா காற்றில் ஒரு வட்டம் போட்டு அதன் விளிம்பை நிதானமாகத் தடவிக்கொண்டு வருவதைப் பாருங்கள். வட்டம் முடிகிற இடத்தில் விரல்கள் லேசாகத் தயங்கும். அந்தத் தயக்கத்துக்காகவே நான் பல நாள் அவருக்குப் பின்வரிசையில் இடம் பிடித்து நின்றிருக்கிறேன்.

மனவளக்கலையின் எளியமுறை உடற்பயிற்சி இது. இதை வகுத்த வேதாத்திரி மகரிஷி 1911இல் கூடுவாஞ்சேரியில் ஒரு நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். சின்ன வயதிலேயே தறியில் உட்கார்ந்தவர், பின்னாளில் கைத்தறித் தொழிலைப் பெரிதாக நடத்தியவர். 1958இல் உலக சமுதாய சேவா சங்கம், 1984இல் ஆழியாறில் அறிவுத்திருக்கோயில் என்று அவர் வாழ்க்கை விரிந்ததெல்லாம் ஊரறிந்த சங்கதி. எனக்கு அந்த முதல் வரியே போதும். நெசவாளர் வீட்டுப் பிள்ளை வகுத்த யோகம் என்று தெரிந்த பிறகு, அந்த வரிசையை நான் பார்க்கும் கண்ணே மாறிவிட்டது. கை, கால், மூச்சு, கண், கபாலபதி, மகராசனம், உடல் தேய்த்தல், அக்குபிரஷர், உடல் தளர்த்தல் என ஒன்பது வகை. தறியில் உட்கார்ந்த உடம்பு எங்கெங்கே இறுகும் என்று ஒவ்வொரு கணுவாகத் தொட்டுப் பார்த்தவர் போட்ட வரிசை என்றே எனக்குத் தோன்றும்.

கால் பயிற்சியைக் கொஞ்சம் கிட்ட உட்கார்ந்து பார்க்க வேண்டும். தரையில் அமர்ந்து, கைகளைப் பின்னால் ஊன்றி, கால்களை முன்னால் நீட்டுகிறார்கள். குழித்தறிக்காரருக்குக் கால் என்றால் குழிக்குள் தொங்குவது, மிதிகட்டையை மாறி மாறி அமுக்குவது. பகலெல்லாம் இருட்டுக்குள் கிடந்து உழைக்கிற உறுப்பு அது. யார் கண்ணிலும் படாது. சேலையைப் பிரித்துப் பார்த்து ‘என்ன பார்டர்!’ என்று வியக்கிறவர்கள் கையைத்தான் நினைப்பார்கள், காலை யாரும் நினைப்பதில்லை. அந்தக் கால் இங்கே வெளிச்சத்தில் நீண்டு கிடக்கிறது. பாதங்கள் முன்னும் பின்னும் மடங்குகின்றன, பக்கவாட்டில் சாய்கின்றன, கணுக்காலை அச்சாகக் கொண்டு மெதுவாகச் சுழல்கின்றன. பெரியப்பாவின் கட்டைவிரல் மற்ற விரல்களை விட்டுச் சற்று விலகியே நிற்கும். முதல் வாரத்தில் அவர் சிரித்துக்கொண்டே சொன்னது: “மிதிகட்டை இல்லாம கால் ஆடுதும்மா, ஒரு மாதிரியா இருக்குது.”

கண் பயிற்சி இன்னும் நுட்பம். தலை அசையாது, விழி மட்டும் உருளும். இடமிருந்து வலம், மேலிருந்து கீழ், அப்புறம் முழு வட்டம். முன்வரிசையில் ஒரு அம்மா உட்கார்ந்திருப்பார். பழைய பாவின் நுனியோடு புதுப் பாவைப் பிணைக்கிற வேலை அவருக்கு. ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாக எடுத்து, சாம்பல் தொட்ட விரலால் திரித்து ஒட்ட வேண்டும். அப்படி நாளெல்லாம் ஒரு முழ தூரத்திலேயே கட்டுண்டு கிடந்த விழி, மாடிச் சுவரையும் தாண்டி எங்கோ போய்வருகிற அந்த நேரத்தில் அவர் முகத்தில் ஒரு சின்னப் பெண்ணின் களை வந்துவிடும்.

வேறு வீடுகளின் அழகும் வேறு. சென்னையில் ஐயங்கார் முறை வகுப்பு ஒன்றுக்குச் சில மாதம் போய்வந்தேன். முதல் நாள் வெறுமனே நிற்கச் சொன்னார்கள். தாடாசனம். நிற்பதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். “சுண்டுவிரல் தரையைத் தொடுதா?” என்று ஆசிரியை கேட்டார். தொடவில்லை! இத்தனை வருஷம் என் சுண்டுவிரல் தரையில் இல்லாமலே நான் நடமாடியிருக்கிறேன். பிறகு குதிகாலின் உள்விளிம்பு, முழங்கால் சில்லு, தோள்பட்டையின் கீழ்முனை என்று ஒவ்வொன்றையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு எழுப்பினார். திரிகோணாசனத்தில் இரண்டு கைகளும் மேலும் கீழுமாக நீண்டு நிற்கும்போது எனக்குத் தறிதான் ஞாபகம் வந்தது. நெய்த துணி சுருங்கிவிடாமல் முழு அகலத்துக்கும் இழுத்துப் பிடிக்க ஒரு கழி கொடுத்திருப்பார்கள் இல்லையா? மார்பு அப்படி விரிந்து நிற்க வேண்டும். ஒரு இழை தளர்ந்தாலும் அவர்கள் கண்ணுக்குத் தப்பாது.

ஆனால் அந்த முறையில் நான் மனதைப் பறிகொடுத்தது கண்டிப்பில் அல்ல. அதன் துணைக்கருவிகளில். 1918இல் பெல்லூரில் பிறந்த பி.கே.எஸ். ஐயங்கார் இளமையில் மலேரியா, டைபாய்டு, காசநோய் என்று ஒன்று மாற்றி ஒன்றில் விழுந்து எழுந்தவர். முடியாத உடம்பு எப்படி இருக்கும் என்று உள்ளிருந்தே அறிந்தவர். அதனால்தான் கை தரைக்கு எட்டாதவருக்கு ஒரு மரக்கட்டை, காலைப் பிடிக்க முடியாதவருக்கு ஒரு வார், முதுகு வளையாதவருக்கு ஒரு நாற்காலி. நம் கல்யாண மண்டபத்து இரும்பு மடக்கு நாற்காலிதான், சாய்மானத் தகட்டை மட்டும் கழற்றியிருந்தார்கள். அதற்குள் தோளை நுழைத்து முதுகை வளைத்துக் கிடந்தபோது, பந்தி பரிமாறும் இடத்தில் பார்த்த பொருளுக்குள் இத்தனை பரிவா என்று இருந்தது. 1966இல் வந்த அவருடைய யோக நூலில் சுமார் 200 ஆசனங்கள், ஏறக்குறைய 600 படங்கள். அந்தப் படங்களில் எல்லாரும் வளைவைப் பார்ப்பார்கள். நீங்கள் பாத விரல்களைப் பாருங்கள். ஒவ்வொன்றும் தனித்தனியாக விழித்திருக்கும்.

அவருக்கும் பட்டாபி ஜோயிஸுக்கும் குரு ஒருவரே: மைசூர் அரண்மனையில் 1930களில் யோகம் கற்பித்த கிருஷ்ணமாச்சாரியார். ஒரே குருகுலத்திலிருந்து வந்த இருவரில் ஒருவர் நிற்கவைத்துச் செதுக்கினார், மற்றவர் ஓடவிட்டு நெய்தார். ஜோயிஸின் அஷ்டாங்க விந்யாசத்தில் மூச்சுதான் ஊடை. உள்ளே இழுத்தால் ஓர் அசைவு, வெளியே விட்டால் அடுத்த அசைவு. முதல் வகை சூரிய நமஸ்காரத்துக்கு ஒன்பது எண்ணிக்கை, இரண்டாம் வகைக்குப் பதினேழு. ஆசனம் மாறும், வண்ணம் மாறும், நடுவில் இழை அறுந்துவிடக் கூடாது. மைசூர் பாணி வகுப்பில் யாரும் உரக்க எண்ணுவதில்லை. ஒவ்வொருவரும் அவரவர் வரிசையில் அவரவர் இடத்தில் இருப்பார்கள். பாட்டு கிடையாது, பேச்சு கிடையாது. தொண்டையில் உரசி வருகிற மூச்சொலிகள் மட்டும் கூடத்தை நிறைக்கும். கண்ணை மூடினால் எங்கள் தெரு. வீட்டுக்கு வீடு தறி ஓடும், ஒரு வீட்டுத் தாளம் இன்னொரு வீட்டோடு சேராது. ஆனால் தெருமுனையில் நின்று கேட்டால் அத்தனையும் சேர்ந்து ஒரே சங்கீதம். அந்தக் கூடத்துக்குள் எனக்கு முதல் நாளே வேற்றூர் உணர்வு வராததற்கு அதுதான் காரணம்.

அதே கிருஷ்ணமாச்சாரியார் 1952இல் சென்னைக்கு வந்து, 1989இல் நூறு வயதில் மறையும்வரை இங்கேயே இருந்தார். அவர் மகன் தேசிகாச்சார் 1976இல் தொடங்கிய யோக மந்திரத்தின் வழியில் வரிசையே கிடையாது, ஆள்தான் உண்டு. வருகிறவரைப் பார்த்து, மூச்சைப் பார்த்து, அவருக்கென்று ஒரு சிறு பயிற்சி. கையை உயர்த்தும்போது மூச்சை எவ்வளவு நீட்ட வேண்டும் என்பது வரை அளவெடுத்துத் தைத்த ரவிக்கை மாதிரி. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். எனக்கு இதன் அருமை நாற்பது வயதுக்கு மேல்தான் புரிந்தது.

சிவானந்தர் வழியைச் சொல்லாமல் போனால் பாய் கோபித்துக்கொள்ளும். 1887இல் சுவாமி சிவானந்தர் பிறந்தது பத்தமடையில். தாமிரபரணிக் கரைக் கோரையைப் பிளந்து, நூலைப் பாவாக்கி, பட்டுப்போல் பாய் நெய்கிற ஊர். மலேயாவில் மருத்துவராக இருந்துவிட்டு ரிஷிகேசம் போனவர் அவர். அவர் சீடர் விஷ்ணுதேவானந்தர் உலகுக்கு எடுத்துப்போன வகுப்பில் அடிப்படை ஆசனங்கள் பன்னிரண்டு. ஆரம்பம் சவாசனம், முடிவும் சவாசனம், நடுநடுவேயும் சவாசனம். சர்வாங்காசனத்திலிருந்து இறங்கி வந்து மல்லாந்து கிடக்கிற அந்த அரை நிமிஷம் இருக்கிறதே, அதுதான் அந்த முறையின் கிரீடம். கழுத்தில் தேங்கிய ரத்தம் மெல்ல இறங்குவது கேட்கிற மாதிரி இருக்கும். உழைப்பை விட ஓய்வை இவ்வளவு கவனமாகக் கோர்த்த வேறொரு வரிசையை நான் பார்த்ததில்லை.

அமெரிக்கா சுற்றித் திரும்பி வந்த பிள்ளைகள் மேலும் எனக்கு வெறுப்பில்லை. அஷ்டாங்கத்திலிருந்து கிளைத்த பவர் யோகாவின் வேகத்தில் ஒரு இளமைத் துள்ளல் இருக்கிறது. பாட்டுச் சத்தமும் எனக்குத் தொந்தரவில்லை. கடைசிச் சவாசனத்தை இரண்டு நிமிஷத்தில் சுருட்டிவிடுகிறார்கள் என்பது ஒன்றுதான் வருத்தம். நாற்பது டிகிரி சூடேற்றிய அறையில் தொண்ணூறு நிமிஷத்தில் இருபத்தாறு ஆசனங்கள் செய்கிற பிக்ரம் முறையைப் பற்றிச் சொன்னபோது பெரியப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அக்னி நட்சத்திரத்தில் ஆரணிக்கு வந்தால் காசில்லாமலே செய்யலாமாம்.

ஆனால் ஏரியல் யோகாவை அவர் சிரித்து ஒதுக்கவில்லை. பேத்தியின் வகுப்பைப் பார்க்கச் சென்னை வந்திருந்தார். கூரையிலிருந்து தொங்கும் துணித் தூளியில் பெண்கள் இடுப்பைச் சாய்த்துத் தலைகீழாகத் தொங்கினார்கள். கூந்தல் தரையைத் தொட்டும் தொடாமலும் ஊசலாடியது. பெரியப்பா ஆசனத்தைப் பார்க்கவே இல்லை. வகுப்பு முடிந்ததும் நேரே போய்த் துணியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவில் வைத்து உருட்டினார். “நைலான்தாம்மா. நெய்ததில்ல, பின்னல். ஆனா நல்ல பின்னல். இழுத்துப் பாரு, இழுத்த எடத்துலயே நிக்காம திரும்பி வருது.” அப்புறம் ஒரு முனையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டார். பட்டு வாங்குகிறவர்கள் செய்வது அது.

ஊருக்குத் திரும்பிய மறுநாள் காலை மறுபடி மண்டபத்து மாடி. மகராசனத்தில் மல்லாந்து கிடந்தார்கள். தலை ஒரு பக்கம் திரும்ப, பாதங்கள் மறுபக்கம் சாய்ந்தன. பிறகு உடல் தளர்த்தல், பிறகு ‘வாழ்க வளமுடன்’, பிறகு செருப்புச் சத்தம். வீட்டுக்கு வந்த பெரியப்பா விளக்கைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத் தறியில் உட்கார்ந்து காலைக் குழிக்குள் இறக்கினார். ஆரணிப் பட்டு, காஞ்சிப் பட்டை விட எடை குறைவு. அரக்குச் சிவப்பில் பாதி நெய்த சேலை அவர் மடிக்கு எதிரே காற்றுக்கே லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. வலக்கை கயிற்றுப் பிடியை நோக்கிப் போனது. போன கை, பாதி வழியில் நின்று, மணிக்கட்டை மட்டும் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டது. டீ டம்ளரோடு வந்து நின்ற பெரியம்மா சொன்னார்: “இன்னும் கிளாஸ் முடியலையா? டீ ஆறுது.”