பூஸ்டுக்கு முன்னால் ஆயில்

நிஸான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் ஆர்32 காரில் கை வைப்பதே பாவம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 1989இல் வந்த அந்தக் கார் குரூப் ஏ பந்தயத்துக்காகவே பிறந்தது. டர்போ எஞ்சினின் கொள்ளளவை 1.7ஆல் பெருக்கிப் பிரிவை முடிவு செய்வது அந்தப் பந்தய விதி. இந்தக் காரின் ஆர்பி26 எஞ்சினுக்கு 2,568 சிசி என்ற வழக்கமில்லாத அளவு வந்தது அதனால்தான். பந்தயத்தில் 500 குதிரைத்திறனைத் தாண்டிய எஞ்சினை, ஜப்பானிய நிறுவனங்கள் தமக்குள் பேசிவைத்துக்கொண்ட 280 என்ற வரம்புக்குள் அடக்கி விற்றார்கள். 1990 முதல் 1993 வரை ஜப்பானில் நடந்த குரூப் ஏ போட்டிகள் 29இலும் வென்றது இந்த மாடல்தான். எனவே பூஸ்டை, அதாவது டர்போ தரும் காற்றழுத்தத்தை, கூட்டுகிறவர் காரின் இயல்புக்கு விரோதமாக எதையும் செய்துவிடவில்லை. உள்ளே அடைத்து வைத்திருந்ததைத் திறந்துவிடுகிறார், அவ்வளவுதான்.

சிக்கல், அதை மிக எளிதாகத் திறந்துவிட முடிகிறது என்பதில்தான் இருக்கிறது. பூஸ்ட் குழாய்க்குள் ஒரு சிறிய அடைப்பு இருக்கிறது. அதை எடுத்துவிட்டாலே அழுத்தம் 0.7 பாரிலிருந்து ஒரு பார் அளவுக்கு ஏறும். செலவு ஏறக்குறைய இல்லை. ஆனால் தொழிற்சாலை டர்போக்களின் டர்பைன் சக்கரம் பீங்கானால் ஆனது. எடை குறைவு என்பதால் விரைவில் சுழற்சி பிடிக்கும்; அதிக வெப்பத்திலும் வேகத்திலும் தண்டிலிருந்து பெயர்ந்துவிடும். உலோகச் சக்கர டர்போ மாற்றிய பிறகே பூஸ்டில் கை வைக்கவேண்டும்.

இதைவிடப் பெரிய பலவீனம் ஆயிலில் இருக்கிறது. வார்ப்பிரும்பு பிளாக்கின் உறுதியைப் பார்த்து எஞ்சின் முழுவதுமே உறுதி என்று நம்பிவிடுகிறார்கள். ஆர்32இன் தொடக்க கால கிராங்கில், ஆயில் பம்பின் பற்சக்கரத்தைப் பிடித்துச் சுழற்றும் பகுதி மிகக் குறுகியது. ரெவ் லிமிட்டரில் எஞ்சின் முட்டி முட்டித் துடிக்கும்போது அந்தப் பற்சக்கரம் நொறுங்கலாம். போதாக்குறைக்கு, இந்த எஞ்சின் சிலிண்டர் ஹெட்டுக்கு ஆயிலை அள்ளி அனுப்புகிறது. அதிவேகத்தில் அது திரும்பி இறங்க நேரம் இருப்பதில்லை. நீண்ட வளைவில், எஞ்சினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்பில் மிச்சமிருக்கும் ஆயிலும் ஒதுங்கிப்போக, பம்ப் காற்றை உறிஞ்சுகிறது. பேரிங் தேய்ந்து எஞ்சின் சாகிறது.

பரிகாரம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: கிராங்கில் அகலமான காலர், வலுவான பம்ப், ஹெட்டுக்குப் போகும் ஆயிலைக் கட்டுப்படுத்தும் துளை, தடுப்புகள் வைத்த பெரிய சம்ப். காலர் போட கிராங்கையே வெளியே எடுக்கவேண்டும். இத்தனைக்கும் பிறகு ஒரு குதிரைத்திறன்கூட ஏறாது. அதனால்தான் தள்ளிப்போடுகிறார்கள். டியூனிங் என்ற பழக்கத்தின் ஆகப் பெரிய குறை இதுதான் என்பேன். கண்ணுக்குத் தெரியும் எண்ணுக்குப் பணம் கிடைக்கிறது. அந்த எண்ணைத் தாங்கவேண்டிய வேலைக்குக் கிடைப்பதில்லை.

சக்கரங்களிலும் இதே கதை. முன்சக்கரங்களுக்கு எப்போது சக்தி தரவேண்டும் என்பதை அட்டெஸா என்ற நான்கு சக்கர இயக்க அமைப்பு, முன் பின் சக்கர வேகங்களை ஒப்பிட்டு முடிவு செய்கிறது. அழகுக்காகப் பின்னால் மட்டும் வேறு விட்டமுள்ள டயர் போட்டால் கார் எந்நேரமும் வழுக்குவதாகவோ வழுக்கவே இல்லை என்றோ அது தவறாகக் கணக்கிடும். நேர்ச்சாலையில்கூட டிரான்ஸ்பர் கிளட்ச் தேய்ந்துபோகலாம்.

நல்ல முன்னுதாரணம் இல்லாமலில்லை. யோகோசுகாவில் உள்ள மைன்ஸ் பட்டறை பெரிய எண்களைத் துரத்தாமல், மிதித்ததும் உடனே பதில் சொல்லும் எஞ்சினைக் கட்டிப் பெயர் வாங்கியது. இவ்வகை வேலைக்குப் பொறுமை வேண்டும், பணமும் வேண்டும். 25 ஆண்டு பழைய கார்களை இறக்குமதி செய்யலாம் என்ற அமெரிக்க விதியின்படி 2014 முதல் அங்கே வாசல் திறந்தது, விலையும் ஏறியது. இப்போது அறுத்து ஒட்டிய வயரிங்கும் வெட்டியெறிந்த மூலப்பாகங்களும் ஈடுசெய்யக் கடினமான இழப்புகள். 2017 டிசம்பரில் நிஸானின் பந்தயப் பிரிவான நிஸ்மோ ஆர்32க்கான பாகங்களை மறுபடி தயாரிக்கத் தொடங்கியது பெரிய ஆறுதல். இன்று ஒரு ஆர்32 என் பொறுப்பில் இருந்தால், முதலில் முன் சஸ்பென்ஷன் கோபுரங்களிலும் பக்கவாட்டு அடிப்பகுதியிலும் துருவைத் தேடுவேன். பிறகு ஹோஸ்கள், டைமிங் பெல்ட், காயில்கள், ஆயில் பம்ப். பூஸ்ட் கன்ட்ரோலர் கடைசியில்.