காவேரிப்பாக்கம் ஏரியும் கட்டுப்பாட்டின் அறிவியலும்

1948ல் கணிதவியலாளர் நார்பர்ட் வீனரின் ‘சைபர்னெடிக்ஸ்’ நூல் வெளிவந்தபோது விமானத்தைக் குறிவைக்கும் பீரங்கியும் மனித நரம்பும் ஒரே கணக்குக்குள் வந்தன. தன் செயலின் விளைவைச் செய்தியாகத் திரும்பப் பெற்று, அடுத்த செயலைத் திருத்திக்கொள்ளும் எதுவும் இத்துறைக்கு உரியது. திரும்பி வரும் அந்தச் செய்திதான் பின்னூட்டம். 1950ல் இதையே சமூகத்துக்கும் விரித்து எழுதிய வீனர், 1955–56ல் கல்கத்தாவில் மகலனோபிஸின் இந்தியப் புள்ளியியல் கழகத்தில் தங்கிப் பாடம் நடத்தினார். இந்த அறிவியல் மனித சமூகத்துக்கு என்ன சொல்கிறது என்பதைப் பாலாற்றங்கரையில் வைத்துப் பார்க்கலாம்.

பல்லவர் காலத்துக் காவேரிப்பாக்கம் ஏரிக்கு வாலாஜா அருகிலுள்ள அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியே பாலாற்று நீர் வருகிறது. நீர்மட்டம் கலங்கலைத் தாண்டினால் மிகைநீர் தானாக வழிந்துவிடும், கரை பிழைக்கும். யாரும் உத்தரவு போட வேண்டியதில்லை. மதகில் மட்டும் ஆள் வேண்டும். ஏரிப்பாசனத்தில் நீர்க்கட்டி வயலைப் பார்த்து மடையைத் திறப்பார், அடைப்பார். முறை தவறினால் கடைமடைக்காரர் அன்று மாலையே அவர் வாசலில் நிற்பார். செயலுக்கும் விளைவுக்கும் நடுவே கூப்பிடு தூரம்தான்.

நிர்வகிப்பவரையும் இந்தப் பின்னூட்டச் சுற்றுக்குள் கொண்டுவந்தார்கள். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டின்படி (கி.பி. 921), ஏரி வாரியம் முதலான வாரியங்களில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் குடவோலைக்குத் தகுதி இழந்தார்கள். அந்தச் சபையில் எல்லோருக்கும் இடம் இருக்கவில்லை. நிலமும் கல்வியும் உடைய ஆண்களே அமர்ந்தார்கள். ஆனாலும் பதில் சொல்லும் கடமை விதியாகவே இருந்தது.

அதே பாலாற்றில் மேலே வாணியம்பாடியும் ஆம்பூரும். தோல் பதனிடுவதில் ஆவாரம்பட்டையின் இடத்தைக் குரோமிய உப்பு பிடித்த பிறகு இங்கே இரண்டு பின்னூட்டங்கள் ஓடின. ஆர்டரும் விலையும் பற்றி வெளிநாட்டிலிருந்து உடனுக்குடன் வந்த செய்தி ஒன்று. கிணற்றில் உப்பு ஏறும் செய்தி மற்றொன்று. அது ஆண்டுக்கணக்கில் நிலத்துக்குள் ஊர்ந்து, முடிவெடுக்கும் அதிகாரம் இல்லாத குடியானவரிடம் போய்ச் சேர்ந்தது. வேகமான செய்தி தொழிலை வளர்த்தது. மெதுவான செய்தி நீதிமன்றம் ஏறியது. வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் 1996 ஆகஸ்ட் 28ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ பாழாகியிருந்தது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற நெறியை அத்தீர்ப்பு இந்தியச் சட்டத்தில் நிலைநாட்டியது. பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு முழுமையாகச் சேரவில்லை என்று 2025 ஜனவரி 30ல் அதே நீதிமன்றம் மீண்டும் ஆணையிட வேண்டியிருந்தது. இத்தனை தாமதமாக வரும் பின்னூட்டம் எதையும் திருத்தாது. நடந்த சேதத்தைப் பதிவு செய்வதோடு நின்றுவிடும்.

இப்போது கழிவுநீர்க் குழாய்களில் கருவி பொருத்தி, அளவுகளை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்புகிறார்கள். தேவையான ஏற்பாடுதான். ஆனால் 1956ல் சைபர்னெடிக்ஸ் அறிஞர் ராஸ் ஆஷ்பி எழுதிய விதி எச்சரிக்கிறது: கட்டுப்படுத்தப்படும் பொருள் எத்தனை நிலைகளில் மாறுமோ, கட்டுப்படுத்துபவரிடமும் அத்தனை பதில்கள் இருக்க வேண்டும். 2015 ஜனவரி 31ல் ராணிப்பேட்டை பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவுச் சேற்றுத் தொட்டி உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். குழாயில் வழியும் நீரை அளக்கும் கருவிக்குத் தொட்டிச் சுவரின் பலம் தெரியாது. சேற்றின் பக்கத்தில் வேலை செய்பவருடைய கண்ணும் வாயும் அந்தச் சுற்றில் சேர வேண்டும்.

இப்படி ஒரு முயற்சி முன்பே நடந்தது. சிலியில் அதிபர் அயெந்தே ஆட்சியில் சைபர்னெடிக்ஸ் அறிஞர் ஸ்டாஃபோர்டு பீர் 1971ல் தொடங்கிய சைபர்சின் திட்டம் தொழிற்சாலைகளை டெலக்ஸ் வழியே இணைத்தது. தொழிலாளரையும் முடிவெடுப்பவராக்க வேண்டும் என்று பீர் விரும்பினார். 1973 ராணுவப் புரட்சி அதை முடித்துவைத்தது. அது எழுப்பும் கேள்வி மட்டும் முடியவில்லை: அளந்த எண் யார் கைக்குப் போகிறது, அதை வைத்து அவரால் எதை நிறுத்த முடியும்?

பாலாற்றுக்கு இதற்கான பதிலைச் சட்டமாகவே எழுதலாம். கழிவுநீர் அளவுகள் அன்றன்றே ஆற்றோர ஊராட்சிகளுக்கும் வர வேண்டும். வரம்பு மீறினால் ஆலையின் வாயை அடைக்கச் சொல்லும் உரிமை கிராம சபைக்கு வேண்டும். கேடு யார் கிணற்றில் இறங்குகிறதோ, அவருக்கு மதகின் மேல் அதிகாரம் இருக்க வேண்டும்.