பேராலயமும் சந்தையும்: ஒரு நூலும் அதனைச் சோதித்த வரலாறும்

கணிப்பொறி பற்றிய ஒரு நூலின் தலைப்பில் பேராலயம் என்னும் சொல் இடம்பெறுமாயின், இறையியல் பயிலுவோர் அதனை ஒருமுறையேனும் எடுத்துப் பார்ப்பது இயல்பே. அமெரிக்க மென்பொருளாளரான எரிக் ரேமண்ட் எழுதிய "பேராலயமும் சந்தையும்" என்று நாம் தமிழில் பெயரிடத்தக்க கட்டுரை, 1997ஆம் ஆண்டு மே மாதத்தில் ஜெர்மனி நாட்டு வூர்ட்ஸ்பர்க் நகரில் கூடிய லினக்ஸ் மாநாட்டில் முதன்முதலாக வாசிக்கப்பட்டது. 1999ல் வேறு சில கட்டுரைகளோடு சேர்ந்து நூலாக வெளிவந்தது. மென்பொருள் எழுதுவோரிடையே இந்நூல் பெற்ற செல்வாக்குக்கு இணையானவை மிகச் சிலவே.

பழைய நூலொன்றை இப்பொழுது ஆராய்வானேன் என்று சிலர் வினவக்கூடும். ரேமண்ட் கூறியவை அன்று நம்பிக்கையாக இருந்தன. இன்று அவற்றைச் சோதித்துப் பார்க்கப் போதிய வரலாறு நம் கையில் உள்ளது. அந்த வரலாறு இணைய உலாவிகளின் வரலாறாகும். நாம் வேத விளக்கவுரை தேடினாலும், திருமண்டல அறிக்கையை வாசித்தாலும், வங்கிக் கணக்கைப் பார்த்தாலும், உலாவி என்னும் அந்தச் சாளரத்தின் வழியாகவே பார்க்கிறோம். அச்சாளரம் எவருடையது என்ற வினா நமக்குப் புறம்பானதன்று.

நூலின் வாதம்

மென்பொருள் கட்டும் முறைகள் இரண்டு என்பது ரேமண்டின் அடிப்படைக் கூற்று. முதலாவது பேராலய முறை. தேர்ந்த சிலர் ஒதுங்கியிருந்து உழைத்து, நெடுங்காலம் கழித்து முடிந்த பணியை உலகுக்குக் காட்டுவர். இரண்டாவது சந்தை முறை. அரைகுறையாக இருக்கும்போதே பணியை வெளியிட்டு, அடிக்கடி வெளியிட்டு, பயன்படுத்துவோர் அனைவரையும் உடனுழைப்பாளராக ஏற்றுக்கொள்வது. லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் உட்கருவை இவ்விரண்டாம் முறையிலேயே வளர்த்தார். ரேமண்ட் தாமும் அஞ்சல் கொணரும் சிறு நிரல் ஒன்றை அம்முறையில் வளர்த்துப் பார்த்து, அதன் வெற்றியைச் சான்றாகக் காட்டுகிறார். பார்க்கும் கண்கள் பெருகினால் மறைந்திருக்கும் பிழை எதுவும் நிலைக்காது என்பது அவர் கண்ட முடிவு.

இந்நூலைப் பாராட்டியோரில் பலர் கவனியாது விட்ட செய்தி ஒன்றுண்டு. ரேமண்ட் பேராலய முறைக்கு எடுத்துக்காட்டாகக் கூறியவை வாணிப நிறுவனங்களின் மென்பொருள்கள் மட்டுமல்ல. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983ல் அறிவித்த குனு திட்டத்தின் ஆக்கங்களையும் அவர் அவ்வகையிலேயே சேர்க்கிறார். அவற்றின் மூலநிரலை எவரும் வாசிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். எனினும் அவற்றைக் கட்டும் பணி சிலரின் கையில் இருந்தது. ஆகவே மூலநிரல் திறந்திருப்பது ஒன்று, கட்டும் அதிகாரம் திறந்திருப்பது வேறொன்று என்பதை ரேமண்ட் தொடக்கத்தில் நன்கு அறிந்திருந்தார். நூல் தொடரத் தொடர இவ்வேறுபாடு மங்கிப்போகிறது. அவரைப் பின்பற்றியோரிடத்தில் அது முற்றிலும் மறைந்தது. நூலின் மிகச் சிறந்த கருத்து இதுவே, நூல் கைவிட்ட கருத்தும் இதுவே என்பது நமது கணிப்பு.

உவமை பொருந்துமா?

பேராலயம் என்னும் உவமையையும் நாம் சற்று நிறுத்துப் பார்க்க வேண்டும். கொலோன் நகரப் பேராலயத்தின் பணி 1248ல் தொடங்கி 1880லேயே நிறைவுற்றது. இடையில் சில நூற்றாண்டுகள் வேலை நின்றுபோய், முடிவுறாத கோபுரத்தின் மேல் பாரந்தூக்கி ஒன்று ஊரார் அனைவரும் காண நின்றது. இதனைத் திரைமறைவில் சிலர் செய்த வேலை என்பது எவ்வாறு பொருந்தும்? தலைமுறை தலைமுறையாகக் கல்தச்சர் உழைத்தனர்; தொடங்கியவர் முடிவைக் காணவில்லை; முடித்தவர் தொடங்கியவரை அறியார்.

சந்தையும் அவர் எண்ணியவாறு எல்லாருக்கும் சமமான இடமன்று. நம் ஊர்ச் சந்தைக்கு எவரும் செல்லலாம். கூடையை இறக்கி வைத்தவுடன் சுங்கம் கேட்டு ஒருவர் வருவார். சந்தையைக் குத்தகைக்கு எடுத்தவர் அவர். எங்கே கடை விரிக்கலாம், எவ்வளவு கட்ட வேண்டும் என்பதை அவர் தீர்மானிக்கிறார். வாயில் திறந்திருப்பதனால் குத்தகை இல்லையென்று ஆகிவிடாது. ரேமண்டின் சந்தையில் குத்தகைதாரர் காணப்படவில்லை. அடுத்துவரும் வரலாற்றில் அவர் வந்து நிற்பதை நாம் காண்கிறோம்.

உலாவிகளின் வரலாறு

உலகளாவிய வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ, 1990ல் முதல் உலாவியையும் எழுதினார். 1993 ஏப்ரல் 30 அன்று, அவர் பணியாற்றிய செர்ன் ஆய்வுக்கூடம், வலையின் மென்பொருளை எவ்விதக் கட்டணமும் இன்றி அனைவருக்கும் பொதுவாக்கியது. அடுத்த சில ஆண்டுகளில் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் உலாவி உலகெங்கும் பரவியது. மைக்ரோசாப்ட் நிறுவனமோ தன் உலாவியை விண்டோஸ் இயக்குதளத்தோடு இணைத்து இலவசமாக வழங்கியது. போட்டியில் தளர்ந்த நெட்ஸ்கேப், தன் உலாவியின் மூலநிரலை உலகுக்குத் திறந்துவிடப்போவதாக 1998 ஜனவரியில் அறிவித்து, மார்ச் 31 அன்று அவ்வாறே செய்தது. இம்முடிவுக்கு ரேமண்டின் கட்டுரையும் தூண்டுதலாக இருந்தது. ஓர் எழுத்தாளருக்கு இதனிலும் பெரிய பாராட்டு கிடைப்பதரிது.

ஆனால் நடந்தது என்ன? திறந்துவிடப்பட்ட பழைய நிரல் சீர்செய்ய இயலாதபடி சிக்கலுற்றிருந்தது. அவ்வாண்டிலேயே அதனைக் கைவிட்டுப் புதிய இயந்திரத்தின்மேல் கட்டத் தீர்மானித்தனர். மொசில்லா என்னும் பெயரில் முதல் முழுமையான பதிப்பு வெளிவர 2002 ஜூன் ஆயிற்று. அந்த ஆண்டுகளில் உழைத்தவர்களில் மிகப் பலர், நெட்ஸ்கேப்பை வாங்கிய ஏஓஎல் நிறுவனத்தில் சம்பளம் பெற்றவர்களே. சந்தை கூடுவதற்குக் கதவைத் திறந்தால் மட்டும் போதாது, அங்கே பல ஆண்டுகள் நின்று உழைப்பவருக்குச் சோறு வேண்டும் என்ற எளிய உண்மை இதனால் தெளிவாயிற்று.

நன்மை எதுவும் விளையவில்லை என்பது நமது கருத்தன்று. 2001ல் தன் ஆறாம் பதிப்பை வெளியிட்ட மைக்ரோசாப்ட் உலாவி, எதிர்ப்பாரின்றி ஐந்து ஆண்டுகள் அடுத்த பதிப்பின்றியே இருந்தது. 2004 நவம்பரில் வெளிவந்த ஃபயர்பாக்ஸ் அந்தத் தேக்கத்தை உடைத்தது. அது ரேமண்ட் கனவு கண்ட வெற்றி என்பதை மறுப்பதற்கில்லை.

இனி வேறொரு கிளையைக் காண்போம். கேடிஈ என்னும் தன்னார்வலர் குழுவினர் தங்கள் உலாவிக்காக ஓர் இயந்திரத்தை எழுதினர். உலாவியின் இயந்திரம் என்பது வலைப்பக்கத்தின் குறியீடுகளை வாசித்து, எழுத்தாகவும் படமாகவும் திரையில் அமைக்கும் உட்பகுதி. ஆப்பிள் நிறுவனம் அதனை எடுத்து வெப்கிட் என வளர்த்து, 2003 ஜனவரியில் தன் சஃபாரி உலாவியை அறிவித்தது. கூகுள் நிறுவனம் அந்த வெப்கிட்டைக் கொண்டே 2008ல் குரோம் உலாவியை வெளியிட்டது. 2013ல் அதிலிருந்து பிரிந்து பிளிங்க் என்னும் தனி இயந்திரத்தை அமைத்துக்கொண்டது. அதே ஆண்டில் ஓப்பரா நிறுவனம் தன் சொந்த இயந்திரத்தைக் கைவிட்டுக் கூகுளின் அடித்தளத்துக்கு மாறியது. 2018 டிசம்பரில் மைக்ரோசாப்டும் அவ்வாறே செய்யப்போவதாக அறிவித்தது. தன்னார்வலர் இட்ட விதையின் கிளைகள் இன்று உலகின் பெரும்பாலான திரைகளை மூடி நிற்கின்றன. குரோம் ஒன்றே ஏறத்தாழ மூன்றில் இரு பங்குப் பயன்பாட்டைப் பெற்றிருக்கிறது.

அதன் அடித்தளமான குரோமியத்தின் மூலநிரல் முழுவதும் திறந்தே இருக்கிறது. எவரும் வாசிக்கலாம், நகலெடுக்கலாம். வேறு நிறுவனத்தாரும் அதில் பங்களிக்கின்றனர். எனினும் அது எத்திசையில் செல்ல வேண்டும் என்பதைப் பெரிதும் ஒரே நிறுவனம் தீர்மானிக்கிறது. உலாவியோடு இணைக்கப்படும் துணை நிரல்களுக்கான விதிகளை அந்நிறுவனம் மாற்றியபோது, விளம்பரங்களைத் தடுக்கும் நிரல்கள் முன்போல் இயங்க முடியாமற்போயின. பலர் பல ஆண்டுகள் எதிர்த்துப் பேசினர். 2024லும் 2025லும் பழைய விதியில் அமைந்த துணை நிரல்கள் குரோமிலிருந்து படிப்படியாக விலக்கப்பட்டன. விளம்பரத்தால் வாழும் நிறுவனம் அந்த விதியை எழுதும் இடத்திலும் இருந்தது.

விருப்பமில்லாதவர் நிரலை நகலெடுத்துப் பிரிந்து செல்லலாமே என்பது ரேமண்ட் மரபினரின் விடை. இவ்வுரிமை ஏட்டளவில் எல்லாருக்கும் உண்டு. ஆனால் ஓர் இயந்திரத்தைத் தனியே பேணுவதற்கு நூற்றுக்கணக்கான பொறியாளர் வேண்டும். 2013ல் பிரிந்து செல்லக் கூகுளால் இயன்றது. தனித்து நிற்பதை மைக்ரோசாப்ட் போன்ற செல்வமிக்க நிறுவனமே கைவிட்டது. செல்வர் மட்டுமே பயன்படுத்தக்கூடிய உரிமையைச் சுதந்தரம் என்று எவ்வளவு தூரம் அழைக்கலாம் என்பதை வாசகர் சிந்திப்பாராக.

நீதிமன்ற வரலாறும் இதனையே காட்டுகிறது. தேடுதல் துறையில் கூகுள் தன் ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகப் பேணியது என்று அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தார். உலாவிகளிலும் கைப்பேசிகளிலும் தன் தேடுபொறியே முதலில் அமைந்திருப்பதற்காக அந்நிறுவனம் 2021ல் மட்டும் 2,630 கோடி டாலர் வழங்கியது அவ்வழக்கில் வெளியாயிற்று. குரோமை விற்றுவிட வேண்டும் என்னும் அரசின் கோரிக்கையை 2025 செப்டம்பரில் நீதிபதி ஏற்கவில்லை. தனியுரிமை ஒப்பந்தங்களைத் தடுத்தார்; பணம் வழங்குவதைத் தடுக்கவில்லை. அவ்வாறு பணம் பெறுவோருள் ஃபயர்பாக்ஸை வெளியிடும் மொசில்லாவும் ஒன்று. அதன் வருவாயின் மிகப் பெரும்பகுதி கூகுளிடமிருந்து வருவதே. எதிர்த்து நிற்பவனின் உணவும் குத்தகைதாரரின் அடுப்பிலிருந்தே வருகிறது.

கண்களும் கைகளும்

கண்கள் பெருகினால் பிழை நிலைக்காது என்ற முடிவும் சோதிக்கப்பட்டது. இணையத் தொடர்புகளை மறைமொழியால் காக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலில் 2012ல் வெளியான பதிப்போடு புகுந்த பெரும்பிழை, 2014 ஏப்ரல் வரை வெளிப்படவில்லை. நிரல் திறந்தே இருந்தது. எவரும் பார்க்கலாம் என்பதனால் வேறெவரோ பார்த்திருப்பார் என்று எல்லாரும் எண்ணினர்.

2024 மார்ச்சில் வெளியானது இன்னும் துயரமானது. லினக்ஸ் கணிப்பொறிகள் பலவற்றில் இடம்பெற்ற எக்ஸ்இசட் என்னும் சுருக்கு நிரலைப் பெரும்பாலும் ஒருவரே ஊதியமின்றிப் பேணிவந்தார். அவர் சோர்ந்திருந்த காலத்தில், உதவுபவர்போல வந்த ஒருவர் இரண்டாண்டுக்கு மேலாக நம்பிக்கையைச் சம்பாதித்து, பொறுப்பையும் பெற்று, களவாக நுழையும் வாயிலொன்றை அதில் மறைத்து வைத்தார். தொலைநுழைவு அரை நொடி தாமதிப்பதை ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்னும் பொறியாளர் கவனித்து ஆராய்ந்ததனால் அது வெளிப்பட்டது. ரேமண்டின் பக்கத்தார் இதனையே தங்களுக்குச் சான்றாகக் கூறலாம்; நிரல் திறந்திராவிடில் அவரால் கண்டுபிடித்திருக்க இயலாது என்பது மெய்யே. ஆயினும் ஆயிரம் கண்கள் பார்த்திருக்க, தாங்கும் கைகள் இரண்டே இருந்தன என்பதும் மெய்யே. சபைப் பொறுப்பைத் தனியே சுமந்து தளர்ந்த போதகரை அறிந்த நமக்கு இந்நிலைமையை விளக்க வேண்டுவதில்லை.

நம் மொழியும் இதற்கு விலக்கன்று. திரையில் "கொ" என்னும் எழுத்து சரியாக அமைய வேண்டுமானால், மெய்யெழுத்துக்குப் பின் உச்சரிக்கப்படும் உயிரின் குறிகளில் ஒன்றை முன்னும் மற்றொன்றைப் பின்னும் வைக்க வேண்டும். குரோமியத்திலும் ஃபயர்பாக்ஸிலும் இந்த வேலையைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்னும் ஒரே நிரல் தொகுதி. அதுவும் திறந்த நிரலே. அதுவும் மிகச் சிலரின் உழைப்பில் நிற்பதே. தமிழ் வேதாகமத்தைத் திரையில் வாசிக்கும் நாம், பெயரறியாத அச்சிலரின் கடனாளிகள்.

நமது மதிப்பீடு

ரேமண்டின் நூலை வீணென்று தள்ளிவிடுதல் நேர்மையன்று. மூடியிருந்த நூலை எல்லாரும் வாசிக்கத் திறந்துவைக்க வேண்டும் என்று அவர் வலியுறுத்தியது நன்று. மூடிய நிரல் இருந்த இடத்தில் திறந்த நிரல் வந்தது உண்மையான ஆதாயம். அதனை நாம் திரும்பக் கொடுக்க விரும்பமாட்டோம்.

ஆனால் வாசிக்கும் உரிமை வந்துவிட்டால் ஆளும் உரிமை தானே வந்துவிடும் என்று நூல் நம்பியது. அது வரவில்லை. யார் தீர்மானிக்கிறார்கள், யார் சுமக்கிறார்கள், சுமப்பவருக்கு யார் சோறிடுகிறார்கள் என்னும் மூன்று வினாக்களையும் நூல் போதிய அளவு எழுப்பவில்லை. எழுப்பியிருந்தால், கதவு திறந்திருக்கும் கட்டடமும் சிலரே கட்டுவதாயின் பேராலய முறையே என்று தன் முதற்பக்கங்களில் சொன்னதை அது இறுதிவரை காத்திருக்கும்.

திறந்த வேதமும், எல்லா விசுவாசிகளின் ஆசாரியத்துவமும் தன் கொள்கை என்று கூறும் மரபில் வந்த நாம், இக்குறையைப் பிறரிடம் மட்டும் காண்பது தகாது. வேதத்தை அனைவர் கையிலும் கொடுத்த பின்பும், தீர்மானிக்கும் மேசையைச் சுற்றி எத்தனை நாற்காலிகளை இட்டோம் என்னும் வினா நம் சபைகளிலும் எஞ்சி நிற்கிறது. அவ்வினாவோடு இந்நூலை வாசிப்போருக்கு இது இன்றும் பயன்தரும்.