மரத்தில் மழைக்கணக்கு பார்ப்பது எப்படி?

புதுச்சேரியிலிருந்து கடலூர் சாலையில் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் அரியாங்குப்பம். ரோமானிய வணிகத் தடயங்கள் கிடைத்த அரிக்கமேடு இங்கேதான் இருக்கிறது. அதைப் பார்க்க வருகிறவர்கள் சுற்றியுள்ள தோப்பையும் கழிமுகத்தையும் அவசரமாகக் கடந்துவிடுகிறார்கள். இந்த ஊர் மரங்களுக்குப் பனிக்கால உறக்கம் கிடையாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டும் வடகிழக்குப் பருவமழையும் அதன் பின் நீளும் வறட்சியுமே அவற்றை வளரவும் தயங்கவும் வைக்கின்றன. அந்தக் கணக்கை எந்த மரத்தில் எங்கே தேடுவது என்று தெரிந்தால், தோப்பு வேறு விதமாகத் தெரியும்.

முதலில் தென்னை. நன்றாக வளர்ந்த நெட்டை மரம் ஆண்டுக்கு ஏறத்தாழ 12 மட்டை விடும். உதிரும் ஒவ்வொரு மட்டையும் தண்டில் ஒரு தழும்பை விட்டுப் போகும். ஆகவே 12 தழும்பு என்பது சுமார் ஓராண்டு. அடிப்பகுதிக்கு மேலே தழும்புகளுக்கு இடையே நல்ல இடைவெளி இருக்கும். மரம் முதிர முதிர அது மெல்லக் குறுகும். அது வயதின் இயல்பு. நடுவே திடீரெனத் தழும்புகள் நெருங்கி, தண்டும் இடுப்புபோல ஒடுங்கியிருந்தால் அங்கே நின்று பார்க்க வேண்டும். தென்னை பிற்பாடு பருப்பதில்லை என்பதால் பஞ்சத்தில் மெலிந்த இடம் மெலிந்தபடியே நிற்கும். 2016-இல் தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. அத்தகைய ஆண்டுகளே இப்படித் தடம் பதிக்கும். ஒரே காலத்தில் நட்ட தோப்பில் பல மரங்கள் ஒரே உயரத்தில் மெலிந்திருந்தால் காரணம் வானம். ஒன்று மட்டும் மெலிந்திருந்தால் அதன் வேரையோ மண்ணையோ சந்தேகிக்கலாம்.

பனையை வெட்டிய முகத்தில் ஆண்டு வளையம் தேடினால் கிடைக்காது. வெளிப்புறம் கருத்த நாரோடு இரும்பாக இறுகியிருக்கும், உள்ளே மென்மை. வெளியே வயிரம் கொண்டவற்றைப் புல் என்றும், உள்ளே வயிரம் கொண்டவற்றை மரம் என்றும் தொல்காப்பியம் பிரித்தது இந்த அமைப்பைப் பார்த்துத்தான்.

வளையத்துக்கு மரவாடிக்குப் போக வேண்டும். தேக்குக் கட்டையின் அறுத்த முகத்தை லேசாக நனைத்தால், மழை தொடங்கியதும் உருவான பெரிய துளைகள் வரிசையாகத் தெரியும். அதை அடுத்து அடர்ந்த பகுதி. இந்தத் தெளிவால்தான் புணேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தார் கேரளத் தேக்கின் வளையங்களைக் கொண்டு பழைய பருவமழையை ஆராய்ந்தார்கள். மண்ணும் இங்கே பேசும். நீர் வடியும் ஆழமான வண்டலில் தேக்கு செழித்து வளையம் அகலும். தண்ணீர் தேங்கும் களியில் திணறும். வேம்பில் கோடுகள் மங்கல். இடையில் கோடை மழை வந்தால் ஒரே ஆண்டில் இரண்டு கோடு விழவும் வாய்ப்புண்டு. எண்ணிக்கையை வயதென்று நம்பிவிடக் கூடாது.

அதைவிட ஏமாற்றுவது கழிமுகத்து வெண்கண்டல். அதன் கட்டையில் வெளிர், கருமை என்று அடுக்குகள் அழகாகத் தெரியும். ஆனால் அவை ஆண்டுக்கொன்று அல்ல. கட்டையை உருவாக்கும் வளர்படலங்கள் பல ஒரே நேரத்தில் இயங்கும் மரம் அது.

வளையம் கைவிடும் இடத்தில் அளவுநாடா உதவும். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் கர்நாடகத்தின் உப்பங்களா காட்டில் 1990 முதல் மரங்களின் சுற்றளவை அளந்து வருகிறது. வீட்டு வேம்பிலும் பூவரசிலும் 1.3 மீட்டர் உயரத்தில் சுண்ணாம்புக் கோடிட்டு, செப்டம்பர் கடைசியிலும் பொங்கல் முடிந்தும் மே மாதத்திலும் அளக்கலாம். மழை நின்ற மறுநாள் பட்டை நீரில் ஊறிப் பருத்திருக்கும். சில நாள் உலரவிட்டு அளப்பது நல்லது. ஆற்றோரத்து மரம் ஒன்று, மேட்டு நிலத்து மரம் ஒன்று என ஒரே வகையில் இரண்டை எடுத்துக்கொண்டால், மண்ணின் பங்கும் எண்ணாகவே கையில் கிடைக்கும்.