பத்தாண்டுக்கு ஒரு பட்டியல்

அடுத்து எந்தத் தொலைநோக்கியைக் கட்டலாம் என்பதை அமெரிக்க வானியலாளர்கள் ஏறக்குறைய பத்தாண்டுக்கு ஒரு முறை தாங்களே கூடி வரிசைப்படுத்திக் கொடுக்கிறார்கள். 1964-இல் ஆல்பர்ட் விட்ஃபோர்டு தலைமையில் வந்த அறிக்கை முதலாவது. 2021 நவம்பரில் வந்தது ஏழாவது. நடத்துவது தேசிய அறிவியல் கழகம். நாசாவோ நாடாளுமன்றமோ அதற்குக் கட்டுப்பட்டே ஆக வேண்டும் என்றில்லை. ஆனாலும் அந்தப் பட்டியலுக்கு மதிப்பு இருக்கிறது. நிபுணர் குழுக்களின் பரிந்துரைகள் அலமாரியில் தூங்குவதைப் பார்த்துப் பழகிய நாம் இதைக் கூர்ந்து கவனிக்க வேண்டும்.

கடைசி ஆய்வில் 20 பேர் கொண்ட தலைமைக் குழுவும் 13 துணைக்குழுக்களும் வேலை செய்தன. எந்த ஆராய்ச்சியாளரும் தன் கேள்வியைச் சில பக்கங்களில் எழுதி அனுப்பலாம். அறிவியல் கேள்விகளைப் பற்றி மட்டும் 500-க்கு மேற்பட்ட கட்டுரைகள் வந்து சேர்ந்தன. குழு உறுப்பினர்கள் எந்தத் திட்டத்தோடு தமக்குத் தொடர்பு உண்டு என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். விவாதம் மூடிய அறைக்குள் நடந்தாலும் முடிவும் காரணங்களும் எல்லோரும் படிக்கும்படி அச்சாகின்றன. பட்டியலில் இடம் கிடைக்காதவர்களே அதிகம். அவர்களில் பெரும்பாலோர் தனித்தனியாக நாடாளுமன்ற உறுப்பினர்களைப் பிடித்துக் காரியம் சாதிக்கப் போவதில்லை; தோற்றவரும் வென்ற திட்டத்துக்காகவே வாதாடுகிறார். இந்த முறையின் உயிர்நாடி அதுதான்.

அதன் பலன் 2018 முதல் கண்கூடாகத் தெரிந்தது. 2010 அறிக்கை, விண்வெளிப் பெருந்திட்டங்களில் முதலிடத்தை ஓர் அகச்சிவப்புத் தொலைநோக்கிக்குக் கொடுத்திருந்தது. டிரம்ப் அரசு அதைக் கைவிடும்படி தொடர்ந்து மூன்று வரவு-செலவுத் திட்டங்களில் முன்மொழிந்தது. மூன்று முறையும் நாடாளுமன்றம் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. இன்று அதற்கு நான்சி கிரேஸ் ரோமன் தொலைநோக்கி என்று பெயர். இதற்கு நேர்மாறான கதை டெக்சாஸில் நடந்தது. அங்கே தோண்டத் தொடங்கிய மாபெரும் துகள் முடுக்கிக்கு எதிராக பிலிப் ஆண்டர்சன் போன்ற நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளரே நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சி சொன்னார். செலவு ஏறிக்கொண்டே போனதோடு இயற்பியலாளர்களுக்குள் பிளவும் சேர, 1993-இல் திட்டம் ரத்தானது. அதற்குள் சுமார் 200 கோடி டாலர் செலவாகி, 23 கிலோமீட்டர் சுரங்கமும் வெட்டியாகிவிட்டது.

ஒற்றுமையைத் தரும் இதே முறை கணக்கில் கோட்டை விடுகிறது. 2001 அறிக்கை முதலிடம் கொடுத்த விண்வெளித் தொலைநோக்கிக்கு அப்போது போட்ட மதிப்பு சுமார் 100 கோடி டாலர். 2021 கிறிஸ்துமஸ் அன்று ஜேம்ஸ் வெப் என்ற பெயரில் அது விண்ணுக்குப் போனபோது செலவு கிட்டத்தட்ட 1,000 கோடி. இடையில் எத்தனையோ சிறிய திட்டங்கள் பணமின்றிக் காத்துக் கிடந்தன. இதை ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன். ஒரு கருவியை மனதார விரும்புகிறவர்களிடமே அதன் விலையையும் கேட்டால் குறைந்த விலைதான் வரும். 2010 முதல் செலவை வெளியார் ஒருவர் தனியாக மதிப்பிடும் வழக்கம் வந்தது. 2021 அறிக்கை ஒரு படி மேலே போய், ஆறு மீட்டர் கண்ணாடியுள்ள அடுத்த பெருந்தொலைநோக்கியைப் பரிந்துரைத்த கையோடு, முதலில் தொழில்நுட்பத்தையும் செலவையும் சரிபார்த்துவிட்டுத்தான் கட்டும் முடிவை எடுக்க வேண்டும் என்று நிபந்தனையும் வைத்தது. நல்ல திருத்தம், தாமதமாக வந்தது. அதற்கும் சுமார் 1,100 கோடி டாலர் ஆகும் என்பது மதிப்பீடு.

எதிர்காலக் கேள்விகளைக் குழுக்கள் முன்கூட்டியே அறிந்துவிடும் என்ற நம்பிக்கையும் தவறு. சூரியனைப் போன்ற வேறொரு விண்மீனைச் சுற்றும் கோள் 1995-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. 1991 அறிக்கையை எழுதியவர்களுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. பிரபஞ்சத்தின் முதல் விண்மீன் மண்டலங்களைத் தேடவே வெப் முதலில் திட்டமிடப்பட்டது. ஆனால் அது செயல்படத் தொடங்கிய சில வாரங்களிலேயே, சுமார் 700 ஒளியாண்டு தொலைவிலுள்ள வாஸ்ப்-39பி என்ற கோளின் வளிமண்டலத்தில் கரியமில வாயு இருப்பதைத் தெளிவாகக் காட்டியது. 1972 அறிக்கை முதலிடம் கொடுத்த நியூ மெக்சிகோ ரேடியோ தொலைநோக்கியும், 25 மீட்டர் அகலமுள்ள தன் 27 தட்டுகளோடு, இன்றைய கேள்விகளுக்கும் உழைக்கிறது. பல வேலைக்கு உதவும் கருவியைத் தேர்ந்தபோதெல்லாம் இந்தக் குழுக்கள் ஜெயித்திருக்கின்றன.

எனக்குப் பெரிதாக உறுத்துவது வேறொன்று. அந்த அறையில் மலைக்குச் சொந்தக்காரர்கள் இருந்ததில்லை. முப்பது மீட்டர் தொலைநோக்கியைக் கட்டுபவர்கள் அதற்கு ஹவாயின் மௌனா கியா சிகரத்தைத் தேர்ந்தார்கள். ஹவாய்ப் பூர்வகுடிகளுக்கு அது புனித மலை. 2015-இலும் 2019-இலும் அவர்கள் சாலையில் உட்கார்ந்து மறித்தார்கள், முதியவர்கள் கைதானார்கள், கட்டுமானம் நின்றது. உள்ளூர்ச் சமூகங்களோடு சேர்ந்து முடிவெடுக்க வேண்டும் என்று 2021 அறிக்கை எழுதியது உண்மை. ஆனால் இடம் தேர்ந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டிருந்தன. தேனி பொட்டிப்புரத்தில் நியூட்ரினோ ஆய்வகத்துக்கு என்ன நேர்ந்தது என்று அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. அந்தத் திட்டத்தின் இயற்பியலில் பழுதில்லை. ஆனால் மலையைக் குடைவது பற்றிய பேச்சு ஊர்மக்களிடம் சரியான நேரத்தில் நடக்காததால் அவநம்பிக்கை வளர்ந்து, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது.

முப்பது மீட்டர் தொலைநோக்கியில் இந்தியாவும் பங்காளி. அதன் 492 கண்ணாடித் துண்டுகளில் ஒரு பகுதியை மெருகேற்றித் தரும் பொறுப்பு பெங்களூருவை அடுத்த ஹொசகோட்டேயில் உள்ள இந்திய வானியற்பியல் நிறுவன வளாகத்துக்கு உரியது. முப்பது மீட்டர் தொலைநோக்கி, சிலியில் எழும் ராட்சத மெகல்லன் தொலைநோக்கி என இரண்டையும் ஆதரிப்பதே சிறந்தது என்றது 2021 அறிக்கை. ஆனால் 2025-இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை தன் நிதிக் கோரிக்கையில் மெகல்லனை மட்டும் அடுத்த கட்டத்துக்கு எடுத்துச் சென்றது. நம் பணமும் உழைப்பும் போன ஒரு கருவியின் தலைவிதியை நமக்கு நாற்காலி இல்லாத அறை நிர்ணயிக்கிறது. நம் முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலகமும் 2035-ஐ இலக்காகக் கொண்டு பெரும் அறிவியல் திட்டங்களுக்கான ஆவணங்களைத் தயாரித்து வருகிறது. அவற்றில் நான் தேடுவது மூன்று: செலவைக் கணக்கிட்ட வெளியார் யார், நிலத்துக்காரர்களிடம் எப்போது கேட்டார்கள், கூட்டாளி நாடு கைவிட்டால் எந்தக் கட்டத்தில் விலகி அந்தப் பணத்தை எதற்குத் திருப்புவது.